பங்களா மாலியும் என் வெள்ளிக்கிழமைப் பூவும்

காபி கொடுத்தால் டம்ளரின் அடியில் ஒரு மடக்கு மிச்சம் வைத்துவிட்டுத்தான் அவர் கீழே வைப்பார். முதல் முறை பார்த்தபோது எறும்பு ஏதும் விழுந்து கிடந்ததோ என்று பதறிப் போனேன்.

"இன்னாண்ணா, சக்கரை பத்தலையா?"

"எல்லாம் பத்துச்சி தங்கச்சி. கொஞ்சம் இருக்கட்டும்."

யாருக்கு இருக்கட்டும், எதற்கு இருக்கட்டும் என்று சொல்லவில்லை. அவர் சுபாவமே அது. தட்டில் ஒரு கவளம் காக்கைக்கு. பீடியில் பாதி காதுக்கு. கோயிலில் கொடுக்கிற விபூதியில்கூட நெற்றிக்குப் போக ஒரு சிட்டிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சிரித்தால் அரைச் சிரிப்பு. ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தால் முக்கால்வாசியில் நிறுத்திவிட்டு, "மீதிய அப்பால சொல்றேன்" என்று செருப்பைத் தேடுவார்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், எங்கள் லைன் வீட்டு வரிசையில் நாலு வீடு தள்ளி அவர் குடியிருந்தார். மேட்டில் இருந்த ஒரு ஆபீசர் பங்களாவில் மாலி, அதாவது தோட்டக்காரர் வேலை. வெள்ளைக்கார துரைகள் போய், நம்மவர்கள் அந்தப் பங்களாக்களுக்குக் குடிவந்துவிட்ட காலம் அது. ஆனாலும் ஆபீசர் மனைவியைத் துரைசாணி என்றுதான் எல்லாரும் சொல்லுவோம். மாலியின் மனைவி மக்கள் குடியாத்தம் பக்கம் ஊரில் இருந்தார்கள். குழாயடியில் பெண்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

"மாலியண்ணா தாலி கட்டும்போதுகூட ரெண்டு முடிச்சிதான் போட்டிருப்பாரு. மூணாவது கொஞ்சம் இருக்கட்டும்னு வுட்டிருப்பாரு."

"அதான் அவ ஊர்லயே தங்கிட்டா" என்று அவரே சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்.

அவர் எனக்குப் பழக்கமானது என் வேண்டுதலால்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தார். ஒரு நாள் பகல் ஷிப்டில் ஏர் பிளாஸ்ட் ஆனது. பூமிக்குள்ளே பாறை வெடித்து நொறுங்குவதைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். லைனில் எல்லா வீட்டிலும் பாத்திரங்கள் உருண்டன. பெண்களெல்லாம் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலுக்கு ஓடினோம். ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வரவர, இறங்குகிற முகங்களைப் பார்த்தோம். மூன்று கேஜ் வந்தது. அவர் இல்லை. அப்போதுதான் நின்ற இடத்திலேயே மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஒரு வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை விடாமல், என் கையால் வளர்த்த பூவில் மாலை கட்டிச் சாத்துகிறேன் தாயே. வெளிப்பூ ஒன்றுகூடக் கலக்கமாட்டேன். நடுவில் ஒரு வாரம் தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.

நாலாவது கேஜில் அவர் வந்தார். நெற்றியில் மட்டும் சிராய்ப்பு.

"பஜார்ல வாங்கிப் போட்டா அம்மன் வேணாம்பாளா?" என்று பிற்பாடு கேட்டார். அவருக்கென்ன, கேஜில் வந்தவர். வெளியே நின்றவள் நான்.

வாசலில் தட்டி வேலிக்குள் ஏழு பன்னீர் ரோஜாச் செடியும் ஒரு வரிசை சாமந்தியும் எனக்கு இருந்தன. பங்குனியில் மாலை போட ஆரம்பித்தேன். வைகாசியில் ரோஜா இலைகளில் ஊசியால் குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. பிறகு இலை மஞ்சளாகி உதிர்ந்தது. ஒரு நாள் காலை நான் செடிமுன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே குரல் கேட்டது.

"தங்கச்சி, அந்த இலைய திருப்பிப் பாரு."

திருப்பினேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைக் காகிதத்தை எடுத்து, இலைக்குக் கீழே பிடித்து, விரலால் இலையைத் தட்டினார். காகிதத்தில் தூசி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தூசி நகர்ந்தது.

"ஐயோ, இன்னாண்ணா இது?"

"செம்பேன். இலைக்கு அடியில குந்திக்கினு சாறை உறிஞ்சுது." பூதக்கண்ணாடி ஒன்றை நீட்டினார். ஊருக்குப் போன வெள்ளைக்கார துரை கொடுத்துவிட்டுப் போனதாம். "மெதுவா போறது கீதே, அது திருடன். அதோ, விறுவிறுன்னு ஓடுது பாரு, அது போலீஸ். செம்பேனைப் புடிச்சித் துன்றது. இத்தோட இன்னொண்ணும் கீது, கடுகுல பாதி சைசு, கறுப்பு வண்டு. அதுதான் இன்ஸ்பெக்டரு."

நான் சிரித்துவிட்டேன். அழுத கண்ணோடு சிரித்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றிலிருந்து அவர் சொன்னபடியே செய்தேன். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வருகிற வெள்ளைத் தூசி இலையில் படியப் படிய, செம்பேன் பெருகுமாம். அதனால் வாரத்தில் இரண்டு காலை இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் தெளித்துக் கழுவுவேன். லைன் குழாயில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். அதில் ஒரு குடத்தைச் செடிக்கு என்று எடுத்து வைத்தால் வீட்டில் முணுமுணுப்பு வரும். ஆனாலும் எடுத்து வைப்பேன். பத்து இலையைத் தட்டிப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்றில் இருந்தால் கழுவினால் போதும். பாதிக்கு மேலே என்றால் வேப்பெண்ணெயில் சவுக்காரம் கரைத்துத் தெளிக்கவேண்டும். அப்போதும் எல்லாவற்றையும் ஒழிக்க விடமாட்டார்.

"ஒரு கிளைய வுட்டுடு. கொஞ்சம் இருக்கட்டும்."

"சீக்கை இருக்கட்டும்னு யாராவது வுடுவாங்களா அண்ணா?"

"திருடனே இல்லாத ஊர்ல போலீசு பட்டினி கெடக்குமா? ஊரைவுட்டுப் போயிடும். அப்பால திருடன் திரும்பி வந்தா யாரு கீறாங்க?"

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மலேரியாக்காரர்கள் பம்ப்போடு லைன் லைனாக வந்து சுவரில் மருந்தடித்தபோது, "அந்தச் செடிக்கும் ரெண்டு அடி அடிச்சிட்டுப் போப்பா" என்று சொல்லிவிட்டார். அவர்களும் அடித்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரத்தில் செடிகளின் நுனியில் நூலாம்படை கட்டிவிட்டது. மாலி வந்தார். காகிதத்தில் தட்டினார். எல்லாம் மெதுவாக நகர்வதுதான். விறுவிறுவென்று ஓடுவது ஒன்றுகூட இல்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"போலீசையெல்லாம் சாவடிச்சிட்டு திருடனுக்கு விருந்து வச்சிட்டீங்களே!"

"இன்னா மாமா, மருந்துன்னா எல்லாத்துக்கும்தானே மருந்து?" என்றார் என் வீட்டுக்காரர்.

"செம்பேன் இந்த மருந்துக்குச் சாவறதில்லப்பா. அதைத் துன்றதுதான் சாவுது."

சாக்கடையோரம் காடாக வளர்ந்திருந்த ஆமணக்குச் செடிகளிலிருந்து இலைகளைப் பறித்துவந்து என் ரோஜாக் கிளைகளில் வாழைநாரால் கட்டினார். அந்த இலைகளில் அவர் சொன்ன கறுப்பு வண்டுகள் இருந்தன. அந்த மாதம் சாமந்தியை மட்டும் வைத்துச் சின்ன மாலையாகக் கட்டிச் சமாளித்தேன். அடுத்த மாதம் ரோஜா துளிர்த்தது. அம்மன்தான் இந்த மனிதரை என் வேலிக்கு அனுப்பினாள் என்று நம்பினேன். பூஜை முடித்து அவர் பெயருக்கும் ஒரு சூடம் ஏற்றியிருக்கிறேன். இதை அவரிடம் சொன்னதில்லை.

வாரத்தில் ஒரு தடவையாவது வருவார். இலைகளைத் திருப்பிப் பார்ப்பார். சீக்கு என்று சொல்லி ஒன்றிரண்டு நுனிகளைக் கிள்ளி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். காபி குடிப்பார். மிச்சம் வைப்பார். போவார்.

மாசி வந்தது. வேண்டுதல் முடிய இன்னும் ஐந்து வெள்ளிக்கிழமைதான் பாக்கி. மாசிக் கடைசியில் ஆபீசர் கிளப்பில் பூக்காட்சி நடக்கும். எந்தப் பங்களா ரோஜாவுக்குப் பரிசு என்பது அங்கே பெரிய கௌரவம். அந்த வேலை நெருக்கடியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோணி மூட்டையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"பங்களாத் தழை தங்கச்சி. நல்ல எரு."

மூட்டையை அவிழ்த்துச் செடிகளின் அடியில் பரப்பினார். கொஞ்சத்தைக் கிளைகளுக்கு நடுவிலும் செருகினார்.

"அது இன்னாத்துக்கு அண்ணா?"

"வெயில் ஏறுதில்ல, நிழலுக்கு. அப்பால, ரெண்டு வாரம் இலைய கழுவாதே. காலைப் பனியில தண்ணியும் சேர்ந்தா இலையில சாம்பல் பூக்கும். வேருக்கு மட்டும் ஊத்து."

ஒரு குடம் தண்ணீர் மிச்சம் என்று எனக்குச் சந்தோஷம். அன்றைக்கு காபியோடு இரண்டு அதிரசமும் வைத்தேன். ஒன்றைத் தின்றார். ஒன்றை விட்டுவைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கட்டினேன். அதற்குள் இலைகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. அதற்கடுத்த வெள்ளிக்கும் எப்படியோ கட்டினேன். பூவெல்லாம் சுருங்கி, அம்மன் கழுத்தில் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. சாமந்தியிலும் நூலாம்படை ஏறிவிட்டது. புதன்கிழமை அவர் வந்தார். கண்ணாடியை வைத்து இலைக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு அந்த அரைச் சிரிப்பைச் சிரித்தார். எனக்குத் தைரியம் சொல்லத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

"சீக்கு ஏறிப்போச்சி. இந்தக் கிளைங்கள நான் எடுத்துக்கினு போய் எரிச்சிடறேன்."

கத்தரியால் ஏழு செடியின் நுனிகளையும் வெட்டினார். வெள்ளிக்கிழமைக்கு என்று நான் ஒதுக்கும் மொட்டுக் கிளைகளில், யாரும் பறிக்காமலிருக்க, மஞ்சள் நூல் கட்டி வைத்திருப்பேன். அவற்றில் மொட்டு கருகியிருந்தவற்றையும் வெட்டினார். ஈரத்துணி விரித்த டப்பாக்களில் அடுக்கினார். எரிக்கப் போகிற கிளைக்கு ஈரத்துணி எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு பூக்கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஏழு செடியிலும் ஒரு முழுப்பூ இல்லை. சாமந்தியைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. சாயங்காலத்துக்குள் ஏதாவது வழி சொல்லமாட்டாரா என்று நேரே பங்களாவுக்கு நடந்தேன்.

அதுவரை அந்தத் தோட்டத்துக்குள் நான் போனதில்லை. உள்ளங்கை அகல ரோஜாக்கள் வரிசை வரிசையாக நின்றன. அவர் குனிந்து ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு செடியிலும் வாடிய ஒரு ரோஜாக் கிளை வாழைநாரால் கட்டித் தொங்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த செடியில் தொங்கிய கிளையில் மஞ்சள் நூல் இருந்தது.

"இது என் நூல்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

"ஆமா தங்கச்சி."

"எரிக்கறேன்னு எடுத்தாந்தீங்களே."

"இங்க வண்டு இல்ல. தொரசாணி மருந்தடிக்கச் சொல்லி சொல்லி அத்தினியும் பூட்டுது. செம்பேன் மட்டும் நிக்குது. வண்டு வேணும்னா அதுக்குத் தீனி போட்டு வளர்க்கணும். செம்பேன்தான் தீனி. இந்தம்மா புள்ளி வுழுந்த ஒரு இலையப் பார்த்தாலும் பம்ப்ப எடுடான்றாங்க. இங்க எங்க நான் வளர்க்கறது?"

"அதுக்கு என் வாசலா? அந்த மூட்டையில இருந்தது எரு இல்லையா?"

"எருவும் இருந்துச்சி."

அந்த ஒரு 'உம்'மில் எனக்கு எல்லாம் விளங்கியது. இலையைக் கழுவாதே என்றது, நிழலுக்கு என்றது, அரைச் சிரிப்பு, ஈரத்துணி. என் செடியில் செம்பேன் பெருகியதையும் அதைத் தின்ன வண்டு பெருகியதையும் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

"இன்னிக்கி வெள்ளிக்கிழமை அண்ணா. மாலைக்கு ஒரு பூ இல்ல. இன்னும் மூணே மூணு வாரம்தான் இருந்துச்சி."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மன் பொறுத்துக்குவா தங்கச்சி. தொரசாணி பொறுக்கமாட்டா. இந்த ரோஜா தோத்துச்சின்னா எனக்கு வேலையும் போவும், வீடும் போவும்."

"கேட்டிருக்கலாமே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"குடுத்திருக்கமாட்ட."

கொடுத்திருப்பேனா? ஏழில் இரண்டு செடியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்காததால் அது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். தாமரை இலையில் பொதிந்த பங்களா ரோஜாக்கள் கையில்.

"உன் செடியில பொறந்த வண்டு காப்பாத்துன பூ தங்கச்சி. ஒருவகையில உன் பூதான். மாலை கட்டு. அம்மனுக்குத் தெரியும்."

ஒரு நிமிஷம் ஆசை வந்தது. பொய் சொல்லக்கூடாது. ஐம்பது வாரம் நெருங்கக் கட்டியவள், மூன்று வாரத்துக்காக மனசு அலைபாய்ந்தது. ஷாப்ட் வாசலில் நான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது.

"எடுத்துக்கினு போங்க" என்றேன்.

அவர் பூவை வேலி மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அது அங்கேயே வாடிக் கிடந்தது. பெருக்கி வெளியே தள்ளினேன்.

அந்த வருஷம் அந்தப் பங்களா ரோஜாவுக்குத்தான் பரிசு. துரைசாணி கோப்பையோடு நின்றதை லைனே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் போகவில்லை. கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் நின்றேன். கைவிட்டுப் போனதைச் சொன்னேன். செடி மறுபடி பூத்ததும் ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறேன் என்றேன்.

இதில் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. பூக்காட்சி முடிந்த சில வாரத்தில் என் செடிகள் தாமாகத் தேறின. தட்டிப் பார்த்தேன். கறுப்பு வண்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் அவர் வெட்டி எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையை விட்டு வைத்திருந்தார். அந்தக் கிளைகளிலிருந்துதான் என் இரண்டாவது வருஷம் பூத்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடியேதான் கழுவினேன், தட்டினேன், பத்து இலை பார்த்தேன். அவரோடு மட்டும் பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் வேண்டுதல் முடிந்தது. அன்று என் வீட்டுக்காரர் கோயிலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, "மாலி மாமாவுக்கும் பொங்கல் குடுத்தனுப்பும்மே" என்றார். நான் காது கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அதற்கும் சில வருஷம் கழித்து அவர் வேலை முடிந்து ஊருக்குப் புறப்பட்டார். மாரிகுப்பத்தில் ரயில் ஏறப் போகிறவர், தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஊருக்குப் போற மனுசன் வாசல்ல நிக்கறாரு. காப்பி போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

போட்டேன். கையில் கொடுக்காமல் வேலிக் கட்டை மேல் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணு மீதி கீது தங்கச்சி. சொல்லாம போவ மனசு வரல. மொத மொதல்ல உன் செடியில செம்பேன் வந்துச்சே, வைகாசியில? அதுவும் நான் கொண்டாந்து போட்டதுதான்."

நான் செடிகள் பக்கம் திரும்பினேன்.

"ஆமணக்கு வெயில்ல தண்ணியில்லாம காஞ்சிடும். தீனி காஞ்சா வண்டு பூடும். வருசம் பூரா யாரு வூட்டுச் செடி காயாதுன்னு லைன் லைனா பார்த்துக்கினு வந்தேன். நீ ஷாப்ட்டாண்ட வேண்டிக்கினத எல்லாரும் பேசிக்கினாங்க. வேண்டுதல் இருக்கறவ செடிய சாவவுடமாட்டா. அதான் உன் வேலியாண்ட நின்னேன்."

அழுத கண்ணோடு நான் சிரித்த அந்தக் காலை என் முன்னால் வந்து நின்றது. அம்மன் அனுப்பினாள் என்று நான் ஏற்றிய சூடமும்.

"மன்னிச்சிடுன்னு கேக்கல" என்றார். பிறகு காபியைக் குடித்தார். நிதானமாக, தலையை அண்ணாந்து குடித்தார். டம்ளரைக் கட்டை மேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் லைன் முனையைத் தாண்டின பிறகு டம்ளரைக் கழுவ எடுத்தேன். அடியில் ஒரு சொட்டு இல்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமையானால் என் வீட்டுப் பூவைத்தான் அம்மனுக்குக் கொண்டுபோகிறேன். இலையைத் திருப்பிப் பார்த்துத்தான் பறிக்கிறேன். அம்மன் அன்றே பொறுத்திருப்பாள், அவர் சொன்னது சரிதான். நான் இன்னும் பொறுக்கவில்லை.